மூன்று கடிதம்

இயற்பியலில் எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. நான் தமிழ் எம்.ஏ. ஆனாலும் 2023 நவம்பர் முழுக்கத் தம்பியோடு உட்கார்ந்து அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு மனுப் போட்டேன். அவன் எம்.எஸ்சி. இயற்பியல். ஆதிதிராவிடர் நல விடுதியின் தண்ணிச் சாம்பாரில் வளர்ந்தவன்.

ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அங்கே இயற்பியல் முனைவர் பட்டத்துக்கு இடம் கிடைத்தால் பெரும்பாலும் நாம் பணம் கட்ட வேண்டியதில்லை. கல்விக் கட்டணத்தைத் தள்ளிவிட்டு, இளங்கலைப் பிள்ளைகளுக்கு ஆய்வுக்கூடம் நடத்துகிற வேலையும் மாதச் சம்பளமும் தருகிறார்கள். இதை எங்கள் சேரியில் யாருக்கும் எந்த வாத்தியாரும் சொன்னதில்லை. ஊர்த்தெருப் பிள்ளைகளுக்கு அங்கே ஒரு மாமா இருக்கிறார், சொல்லிவிடுகிறார். நான் மட்டும் என்ன? அம்பேத்கர் 1913இல் பரோடா அரசரின் உதவித்தொகையில் கொலம்பியாவுக்குப் போனதை மேடைக்கு மேடை பேசியிருக்கிறேன். இன்றைக்கு ஒருத்தன் போவதற்கு எங்கே மனுப் போடுவது என்று ஒருநாளும் விசாரித்ததில்லை.

இடம் கிடைத்தால்தான் பணமில்லை. இடம் கேட்பதற்கே பணம் வேண்டும். ஒரு மனுவுக்கு 75 டாலரிலிருந்து 125 டாலர் வரை. கட்டண விலக்கு உண்டு என்று போட்டிருந்தது. கீழே படித்தால் அந்த நாட்டுக் குடிமக்களுக்கு. ஆங்கிலத் தேர்வுக்கு 15,000 ரூபாய்க்கு மேல். ஜி.ஆர்.ஈ. கேட்காத துறைகளாகப் பார்த்துப் பொறுக்கினோம். அந்தத் தேர்வு பெண்களையும் சிறுபான்மையினரையும் வடிகட்டுகிறது என்று மில்லர், ஸ்டாஸன் என்ற இருவர் 2014இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். கொரோனா காலத்தில் பல துறைகள் அதைக் கைவிட்டன. அப்படியும் பன்னிரண்டு இடம் என்று போட்ட பட்டியல் ஆறாகச் சுருங்கியது. அம்மாவின் தோடு அடகுக்குப் போனது, மகளிர் குழுவில் கடன் வாங்கினோம். டாலரில் கட்ட கிரெடிட் கார்டு வேண்டும். எங்கள் தெருவில் யாரிடம் இருக்கிறது? ஒரு தோழர் கொடுத்தார்.

தன்னைப் பற்றியும் தன் ஆய்வு நோக்கத்தைப் பற்றியும் இரண்டு பக்கம் எழுதச் சொல்கிறார்கள். எழுதுகிறவள் நானாயிற்றே என்று உட்கார்ந்தேன். அப்பா பறையடித்தது, டீக்கடைத் தனிக்குவளை, விடுதி எல்லாம் வந்தது. தம்பி படித்துவிட்டுத் தாளை மடித்து வைத்தான்.

“யக்கா, இதுல பிசிக்ஸ் எங்க இருக்கு? அப்பாவ வித்து எனக்கு சீட்டு வேணாம்.”

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் பேசவில்லை.

அவன் எழுதினது ஒரு கறுப்பு வில்லையைப் பற்றி. இட்ரியம், பேரியம், தாமிரம், ஆக்சிஜன் சேர்ந்தது. திரவ நைட்ரஜனால் குளிரவைத்தால் 90 கெல்வின் பக்கத்தில் மின்தடை இல்லாமலே போய்விட வேண்டும். அவனுடைய முதல் வில்லையில் போகவில்லை. உலையிலிருந்து அவசரப்பட்டு எடுத்துவிட்டான். மெதுவாக ஆறினால்தான் அது வேண்டிய ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளுமாம். அடுத்த தடவை ராத்திரி உலைக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தான். தடை பூஜ்யத்துக்கு விழுந்தது. இதை எனக்குச் சொல்லும்போது அவன் முகம் இருந்த இருப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பத்து வருஷமாகச் சேரியைப் பற்றி எழுதுகிறேன், இந்தச் சந்தோஷத்தை எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

பணத்தைவிடக் கஷ்டம் கடிதம். மூன்று பேராசிரியர்கள் இவனைப் பற்றி எழுதி நேராகப் பல்கலைக்கழகத்துக்கே அனுப்ப வேண்டும். மனுவில் ஒரு கட்டம் உண்டு: இக்கடிதங்களைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று டிக் அடிக்கலாம். அடிக்காவிட்டால் கடிதத்தை நம்ப மாட்டார்கள் என்கிறார்கள். அந்த நாட்டில் அது ஒழுங்கான ஏற்பாடாக இருக்கலாம். உதவித்தொகைப் பட்டியலில் பெயரைப் பார்த்து நம்மை இன்னார் என்று தெரிந்துகொள்கிறவர்கள் எழுதுகிற கடிதத்தை என்ன செய்வது?

வில்லை செய்யக் கற்றுக்கொடுத்த அம்மா மனசார எழுதினார். இன்னொருவர், “நீயே எழுதிட்டு வாடா, போட்டுவுடறேன்” என்றார். மூன்றாமவர் எல்லார் முன்னாலும் கேட்டார்: “உங்களுக்குத்தான் கவர்மென்டே எல்லாம் குடுக்குதே, அமெரிக்கா எதுக்கு?” வெளிநாட்டுப் படிப்புக்கு மத்திய அரசின் உதவித்தொகை உண்டுதான். அது இடம் வாங்கினவர்களுக்கு.

பத்து நாள் அவர் அறை வாசலில் நின்றான். டிசம்பர் 15 கடைசி நாள். அங்கே நள்ளிரவு என்றால் இங்கே மறுநாள் காலை பத்தரை. பத்தேகாலுக்குக் கடிதம் போய்ச் சேர்ந்ததாகத் தகவல் வந்தது. என்ன எழுதினார் என்று இன்றுவரை தெரியாது.

ஐந்து இடத்தில் இல்லை என்றார்கள். ஆறாவது மார்ச்சில் வந்தது. ஏப்ரல் 15க்குள் பதில் சொல்ல வேண்டும் என்றிருந்தது, அன்றைக்கே சொல்லிவிட்டான். பிறகு மாணவர் பதிவுக்கு 350 டாலர், விசாவுக்கு 185, விமானம். மறுபடி கடன்.

அக்டோபரில் தோட்டை மீட்கச் சொல்லிப் பணம் அனுப்பினான். அம்மா அதைக் குழுக்கடனில் கட்டிவிட்டாள். தோடு இன்னும் கடையில்தான் இருக்கிறது.