கோடு காட்டும் கணக்கு

‘நூற்றுக்கு இருபது உயர்ந்தது’ என்று ஒருவர் கூறக் கேட்டால், ‘எதன்மேல் உயர்ந்தது?’ என்று வினவுதல் அறிவுடையார் இயல்பு. அவ்வினாவை மறந்தோர் ஏட்டில் மட்டுமன்றி வாழ்விலும் இழப்பர்.

தொழிலாளி ஒருவனின் நாட்கூலி 500 ரூபாய் எனக் கொள்க. தொழில் செழித்த காலத்தில் அக்கூலி 20 விழுக்காடு உயர்ந்தது. பின்னர்த் தொழில் நலியவே, 20 விழுக்காடு குறைந்தது. ‘ஏறியது இறங்கிற்று, பழைய கூலி கிடைக்கும்’ என்று அவன் அமைதியுற்றான். ஆனால், கைக்கு வந்ததோ 480 ரூபாய். எஞ்சிய 20 ரூபாய் எங்கே போயிற்று?

இதனை விளக்கச் சொற்கள் பல வேண்டா. ஒரு படம் போதும். தாளில் நீண்ட பட்டை ஒன்று வரைக. அதுவே 500 ரூபாய். இருபது என்பது நூற்றில் ஐந்தில் ஒரு பங்கு. ஆதலின் பட்டையை ஐந்து சம கூறுகளாக்குக. ஒவ்வொரு கூறும் 100 ரூபாய். உயர்வின் பொருட்டு இன்னொரு கூறு சேர்த்தால், பட்டை 600 ரூபாயாக நீளும். இனிக் குறைவைக் காண்க. இப்பொழுது முழுமையாக நிற்பது பழைய பட்டையன்று, நீண்ட பட்டையே. அதனை ஐந்தாகப் பகுத்தால் ஒரு கூறு 120 ரூபாய். ஏறியது 100, இறங்கியது 120. விழுக்காடு ஒன்றே, அதற்குரிய முழுமைதான் வேறு.

விலை 25 விழுக்காடு ஏறியபின் ஒரு நூல் 250 ரூபாய்க்கு விற்கிறது. பழைய விலை யாது? 250 ரூபாயில் 25 விழுக்காட்டைக் கழிப்போர் தவறுவர். பழைய விலையை நான்கு கூறுகளாக வரைந்து, ஏற்றத்தை ஐந்தாம் கூறாகச் சேர்க்க. ஐந்து கூறுகள் 250 எனின், ஒரு கூறு 50. பழைய விலை 200 ரூபாய்.

1980களில் சிங்கப்பூர்ப் பள்ளிகள் இத்தகைய பட்டை வரையும் முறையைக் கணக்குப் பாடத்தில் புகுத்தின. பின்னர் அது பிற நாடுகளிலும் பரவியது. இதன் அடிப்படை உண்மையோ நம் முன்னோர்க்குப் புதியதன்று. இருபதில் ஒன்றை அவர்கள் ‘மா’ என்றனர். அஃது இன்றைய 5 விழுக்காடே. ‘கால்’ என்று மட்டும் சொல்லிப் பால் வாங்கினார் எவருமிலர். ‘காற்படி’ என்றே கேட்டனர். பங்கைச் சொல்லும்போதே அதன் முழுமையையும் சொல்லினர்.

மாணவர்களே! விழுக்காடு தனித்து நிற்கும் எண்ணன்று. முதலில் முழுமையை வரைக, பின்னர்க் கூறிடுக. அங்ஙனம் பழகியவர் தம் கூலியிலும் கடனிலும் ஏமாறார்.