பட்டியலில் இல்லாத பாட்டாளி

"தொழிலாளிக்கு ஓட்டின் அருமை தெரியவில்லை!" தேர்தல் முடிந்து கணக்கு வெளியானதும், நகரத்துப் பெரியவர்கள் சிலர் வழங்கும் தீர்ப்பு இது. நூற்றுக்கு இத்தனை பேர்தான் சாவடிக்கு வந்தனராம். மற்றவரெல்லாம் படுத்து உறங்கினராம். வேலம்பாளையத்தில் பனியன் தொழிலாளரிடையே வாழ்பவன் நான். அந்தத் தீர்ப்பை ஏற்க என் மனம் மறுக்கிறது. மனம் மட்டுமல்ல, கணக்கும் மறுக்கிறது.

கணக்கையே பார்ப்போம். 2021 சட்டமன்றத் தேர்தலில் பாலக்கோட்டில் நூற்றுக்கு 87 பேர் வாக்களித்தனர். சென்னை வேளச்சேரியில் 56 பேர்தான். 2022 பிப்ரவரி 19ல் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில், தமிழகப் பேரூராட்சிகளில் ஏறத்தாழ 75, நகராட்சிகளில் 68, மாநகராட்சிகளில் 52. ஊர் பெருக்கப் பெருக்க ஓட்டு சுருங்குகிறது! பேரூராட்சியில் பொறுப்புள்ளவனாக இருந்தவன், பேருந்தேறி மாநகரில் இறங்கியதும் பொறுப்பற்றவனாகிவிடுகிறானா? இல்லை, தோழர்களே! மாறியது அவன் மனமல்ல, முகவரி.

எங்கள் தெருவில் லைன் வீடுகள் உண்டு. ஓர் அறை, ஒரு குடும்பம். பத்துக் குடும்பத்துக்கு ஒரு குழாய். தேனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் வந்தவர் உண்டு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர் உண்டு. என் பக்கத்து அறையில் ஓவர்லாக் தைக்கும் அண்ணன் ஒருவர், தேனிப் பக்கத்தவர். இங்கு வந்து 12 ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகள் படிப்பது இங்கே. அவர் ஒன்றரை சிப்ட் உழைப்பது இங்கே. ஓட்டு மட்டும் ஊரிலே! "இங்கேயே பெயரைப் பதியலாமே, அண்ணா" என்றேன். "வீட்டுக்காரர் விலாசம் தர மாட்டேன் என்கிறார், தம்பி. ஓட்டு வந்துவிட்டால் வீட்டைக் காலி செய்ய மாட்டோம் என்று பயப்படுகிறார்" என்றார்.

தேர்தல் நாளன்று அவர் இங்கே இருந்தால், ஊர்க் கணக்கில் 'வராதவர்'. வேலம்பாளையத்துக் கணக்கிலோ அவர் பிறக்கவே இல்லை! நூற்றுக்கு எத்தனை என்று கணக்கிடுகிறார்களே, அந்த நூறு யார்? பட்டியலில் உள்ள நூறு. பட்டியலுக்கு வெளியே நிற்பவனை எந்த விழுக்காடும் காட்டாது.

1920ல் சென்னை மாகாணத்தில் தேர்தல் நடந்தபோது சொத்தும் வரியுமே வாக்குரிமைக்கு அளவுகோல். 1921ல் மாகாணச் சட்டமன்றம் பெண்களுக்கும் வாக்குரிமை வழங்கி, இந்தியாவுக்கே வழிகாட்டியது. 1950ல் அரசியல் சட்டம் சொத்துத் தடையை அடியோடு அகற்றியது. 1989ல் வாக்களிக்கும் வயது 21லிருந்து 18 ஆயிற்று. சட்டம் துரத்திய சொத்துரிமை எங்கே போயிற்று? வாடகை வீட்டு வாசலிலே, விலாசம் என்ற புதுப் பெயர் சூட்டிக்கொண்டு காவல் நிற்கிறது!

'திருப்பூர் எந்தக் கட்சியின் பக்கம்?' என்று கேட்பவர் பலர். திருப்பூர் வடக்குத் தொகுதியில் 2011, 2016, 2021 மூன்றிலும் வென்றது அ.தி.மு.க. அத்தொகுதியையும் உள்ளடக்கிய நாடாளுமன்றத் தொகுதியில் 2019லும் 2024லும் வென்றவர் இந்தியக் கம்யூனிஸ்டு கட்சியின் கே. சுப்பராயன். 1984ல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. சாய்வு எப்பக்கமாயினும் ஆகுக! தராசில் ஏற்றப்படாத எடை எவ்வளவு என்பதல்லவா முதற் கேள்வி?

தனி நகராட்சியாக இருந்த வேலம்பாளையம், 2011ல் திருப்பூர் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. 2016 அக்டோபர் முதல் 2022 வரை, தமிழகத்து மற்ற நகரங்களைப் போலவே இங்கும் மக்கள் தேர்ந்த மன்றமே இல்லை, அதிகாரிகள் ஆண்டனர். மன்றம் வந்த பின்னும், சாக்கடைக்கும் தண்ணீருக்கும் குரல் கொடுக்க வேண்டிய உறுப்பினரின் கண் முதலில் போவது வாக்காளர் பட்டியலை நோக்கித்தானே! லைன் வீட்டுக் குழாய்க்கு அங்கே வாக்கு ஏது?

அமெரிக்காவில் 1845ல் இயற்றிய சட்டப்படி இன்றும் செவ்வாய்க்கிழமையே தேர்தல். நாடு முழுவதற்கும் விடுமுறை இல்லை. வேலைக்குப் போகிறவன் இடையிலே ஓடி வாக்களிக்க வேண்டும். நம் சட்டம் மேலானது. 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு, தினக்கூலிக்கும் ஊதியத்தோடு விடுமுறை தருகிறது. மீறும் முதலாளிக்குத் தண்டம் எவ்வளவு? 500 ரூபாய் வரை! பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு விடுமுறை வந்தது கண்டிருக்கிறேன்; விடுமுறைக்கான கூலி வந்தது கண்டதில்லை.

படித்த இளைஞர்களே! தொகுதியில் வழக்கமாக வசிப்பவனுக்கே அங்கு வாக்கு என்கிறது 1950ஆம் ஆண்டுச் சட்டம். வீடு சொந்தமா வாடகையா என்று அது கேட்கவில்லை. நடைபாதையில் உறங்குபவனுக்கும், அதிகாரி இரவில் வந்து பார்த்து உறுதி செய்தால், ஆவணமின்றியே பெயர் சேர்க்க விதி உண்டு. சில மாதங்களுக்காக வந்தவர் பெயர் ஊரிலேயே இருக்கட்டும். ஆண்டுக்கணக்கில் இங்கேயே வாழ்பவர் பெயர் இங்கே வரட்டும். புதிதாகச் சேர்வோருக்குப் படிவம் 6, இடம் மாறியோருக்குப் படிவம் 8. மேடையில் மக்களாட்சியின் மாண்பை ஒரு மணி நேரம் முழங்குவதைவிட, சனிக்கிழமை சம்பளம் வாங்கி வரும் மாலையிலே லைன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பத்துப் படிவம் எழுதித் தருவது பெரும் பணி. வீட்டுக்காரரிடமும் பேசுங்கள்: ஓட்டு வேறு, வீட்டுரிமை வேறு, பட்டியலில் பெயர் ஏறுவதால் பட்டா மாறிவிடாது. அச்சத்தைப் போக்குவதும் அறிவுப் பணியே!

உலகுக்கு ஆடை தைத்துத் தருபவன், தான் வாழும் தெருவிலே பெயரற்றவனாய் இருத்தல் ஆகாது. பெயரை எழுதுங்கள், எப்பக்கம் சாய்வது என்பதை அவனே முடிவு செய்வான்.