காலைப் புலம்பல்

பட்டாயாவை அடுத்த ஜோம்தியன் கடற்கரையிலிருந்து உள்ளே வரும் சந்தில், செவன்-இலெவன் கடையை ஒட்டி நிற்கிறது காபி வண்டி. எட்டு மணிக்கே வெயில் ஏறிவிட்டது. இங்கிலாந்துக்காரர் வந்து, பிளாஸ்டிக் நாற்காலியை நிழல் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொள்கிறார். எழுபதைத் தாண்டியிருக்கும். அரைக்கால் சட்டை, சாயம் வெளுத்த பனியன், முழங்காலில் ஒரு பழைய தழும்பு. அவர் வாய் திறக்குமுன்பே வண்டிக்கார அம்மாள் துணி வடிகட்டியில் வெந்நீர் ஊற்றத் தொடங்கிவிட்டாள். பெரியப்பா முறை வைத்து “லுங்” என்று கூப்பிட்டுக் குவளையை நீட்டுகிறாள். அடியில் கெட்டிப்பால் தேங்கியிருக்கிறது.

எதிரே ஒரு டச்சுக்காரர். தலையாட்டுவதற்கென்றே வருகிறவர்.

முதல் வாய் காபி உள்ளே போனதும் கச்சேரி ஆரம்பம். முதலில் நடைபாதை. அதில் நடக்க மட்டும்தான் இடமில்லையாம். நூடுல்ஸ் வண்டி, நிறுத்திய ஸ்கூட்டர்கள், நடுவில் கம்பம், தலையில் இடிக்கும் கேபிள் கற்றை. அடுத்து விசா. ஓய்வுபெற்று இங்கே தங்குகிறவர் வங்கியில் 8 லட்சம் பாட் போட்டு வைத்துக் காட்ட வேண்டும், இல்லையேல் போதிய மாத வருமானத்தைக் காட்ட வேண்டும். 90 நாளுக்கொரு தரம் இன்ன முகவரியில் இருக்கிறேன் என்று குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். “நான் என்ன பரோலில் வந்தவனா?” என்கிறார். டச்சுக்காரர் தலையாட்டுகிறார்.

காவ் யாய் பற்றிப் பேச்சு வந்ததும் குரல் ஏறுகிறது. நாட்டின் முதல் தேசியப் பூங்கா அது. உள்ளே போக வெளிநாட்டவருக்கு 400 பாட், தாய்லாந்துக்காரருக்கு 40. உள்ளூர் விலையை நம் கண்ணில் படாதபடி தாய் எண்களில் எழுதி வைத்திருக்கிறார்களாம். தாய்லாந்து ஓட்டுநர் உரிமத்தை எடுத்து நீட்டினால் ஒருநாள் ஒத்துக்கொள்கிறார்கள், இன்னொரு நாள் முடியாது என்கிறார்கள். “வரி கட்டுகிறவனுக்குச் சலுகையாம்! நான் வாங்கும் ஒவ்வொரு சாமானுக்கும் வாட் கட்டவில்லையா?” மேசையில் ஓங்கிக் குத்துகிறார். கரண்டி துள்ளி விழுகிறது.

ஸ்கூட்டர் ஒன்று எதிர்த்திசையில் வருகிறது. ஓட்டும் பையன், பின்னால் தங்கை, நடுவில் நாய். யார் தலையிலும் ஹெல்மெட் இல்லை. அதைப் பார்த்தபடியே பேச்சு சாலைக்குத் தாவுகிறது. வரிக்குதிரைக் கோடு வெறும் அலங்காரம், யாரும் நிற்பதில்லை. 2022 ஜனவரியில் பாங்காக்கின் பயாத்தாய் சாலையில் கோட்டின் மீதே நடந்துபோன கண் மருத்துவரைப் போலீஸ்காரர் ஒருவரின் பெரிய பைக் மோதிக் கொன்றது. ஒரு மாதம் எல்லாரும் பேசினார்கள், பிறகு பழையபடிதான். சோங்கிரான் புத்தாண்டு வந்தால் ‘அபாயமான ஏழு நாள்’ என்று அரசே பெயர் வைத்துச் சாவுக் கணக்கை நாள்தோறும் அறிவிக்கிறது. இதைச் சொல்லும்போது மேசையில் குத்தவில்லை. ‘சோங்கிரான்’ மட்டும் புரிந்து வண்டிக்கார அம்மாள் நிமிர்கிறாள். அவள் மகன் பைக்கில் உணவு டெலிவரிக்குப் போகிறவன். இன்னும் எழுந்திருக்கமாட்டான் என்று சொல்லிவிட்டு மறுபடி குவளை கழுவுகிறாள்.

கடைசியில் ஓய்வூதியம். பிரிட்டன் அரசு தரும் ஓய்வூதியம் ஊரில் இருப்பவர்களுக்கு ஆண்டுதோறும் கூடுகிறது. ஃபிலிப்பைன்ஸில் குடியேறியவர்களுக்கும் கூடுகிறது. தாய்லாந்தில் இருப்பவர்களுக்கு ஆரம்பத்தில் எவ்வளவோ அவ்வளவேதான். 2007இல் ஒரு பவுனை மாற்றினால் அறுபது பாட்டுக்கு மேல் வந்தது, இப்போது நாற்பத்துச் சொச்சம். காவ் யாய் வாசலில் போன முந்நூற்று அறுபது பாட்டுக்கு மேசை அதிர்ந்தது. சொந்த நாடு மாதாமாதம் பிடித்துவைப்பதைக் குவளையைப் பார்த்துத்தான் சொல்கிறார். டச்சுக்காரர் குனிந்து கேட்க வேண்டியிருக்கிறது.

முதுகுப்பையோடு ஓர் இளம் ஜோடி வந்து உட்கார்கிறது. ஆஸ்திரேலியர்களாம். ஸ்கூட்டர் எங்கே வாடகைக்குக் கிடைக்கும் என்று கேட்கிறார்கள். பெரியவர் நிமிர்ந்து உட்கார்கிறார்.

“பைக் ஓட்டும் உரிமம் உண்டா? காருக்கானது செல்லாது. விழுந்து எலும்பு முறிந்தால் இன்சூரன்ஸ்காரன் கைவிரித்துவிடுவான். பாஸ்போர்ட்டை அடகு மாதிரி கேட்பார்கள், கொடுக்காதீர்கள். ஜெட் ஸ்கீ எடுப்பதானால் ஏறுமுன் நாலு பக்கமும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கீறலுக்கு உங்களிடம் ஆயிரக்கணக்கில் கறப்பார்கள். ரோட்டைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் பாருங்கள், ஒருவழிச் சாலையானாலும்.”

எங்கும் பலகையில் எழுதிப் போடாத பாடம். பையன் செல்போனில் குறித்துக்கொள்கிறான். ஸ்கூட்டர் வேண்டாம், சோங்தேவ் ஷேர் வண்டியிலேயே போய்விடலாம் என்கிறாள் பெண்.

கிளம்பும் நேரம். ஜோடியிடம் ஆளுக்கு நாற்பது பாட் என்று வண்டிக்கார அம்மாள் விரல் காட்டுகிறாள். பெரியவர் முப்பதை வைக்கிறார். அவள் எண்ணாமலே டப்பாவில் போடுகிறாள்.

“உங்களுக்கு மட்டும் முப்பதா?” என்று சிரிக்கிறாள் பெண்.

“பின்னே? நான் இங்கேயே குடியிருக்கிறவன் அம்மா. என் காசெல்லாம் இந்த ஊரில்தான் செலவாகிறது. நீங்கள் வந்து போகிறவர்கள்.”

தலையாட்டப் போன டச்சுக்காரர் பாதியில் நிறுத்திக்கொள்கிறார்.

“சரி, காவ் யாய்க்கு மறுபடி எப்போது போகலாம்?” என்று கேட்கிறார்.