எலும்புக்குக் கொஞ்சம் அவகாசம்

ஓடப் பழகுகிறவர்களுக்கு முதல் மாதம் முடிவதற்குள் மூச்சு வசப்பட்டுவிடும். அடுத்த மாதத்தில் தொடையும் கெண்டைக்காலும் இறுகிக்கொள்ளும். இனி எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம் என்ற தைரியம் வருவது அப்போதுதான். எனக்குப் பயம் வருவதும் அப்போதுதான். மூச்சும் தசையும் தேறிவிட்ட அந்த நேரத்தில் எலும்பு தேறியிருக்காது. பல பேருக்கு அது ஓடத் தொடங்குவதற்கு முன் இருந்ததைவிடப் பலம் குறைந்திருக்கும்.

பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்த காலமெல்லாம் இதைத்தான் பிள்ளைகளிடம் சொல்லிவந்தேன். இப்போது கோயம்புத்தூர் ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் காலையில் நடக்கும்போது, முப்பதும் நாற்பதும் கடந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மாரத்தான் இன்று ஊருக்கு ஊர் வந்துவிட்டது. மனதார மகிழ்கிறேன். ஆனால் மூன்று மாதத்தில் இருபத்தொரு கிலோமீட்டர் என்று பெயர் கொடுத்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் என் கண் அவர்கள் காலுக்குத்தான் போகிறது.

எலும்பு உயிருள்ளது. பழக்கமில்லாத பாரம் விழும்போது உடல் அதில் நைந்த பகுதியை முதலில் அரித்து எடுக்கிறது. பிறகுதான் அங்கே புது எலும்பை வைத்துக் கட்டுகிறது. அரிக்கும் வேலை சில வாரங்களில் முடிந்துவிடும். நிரப்பும் வேலைக்கு மூன்று மாதம்கூட ஆகும். ஓட்டு வீட்டில் உளுத்த சட்டத்தை உருவிவிட்டு, புதுச் சட்டம் ஏற்றுவதற்குள் கூரைமேல் ஆளை ஏற்றலாமா? அந்த இடைவெளியில் ஓட்டத்தைக் கூட்டினால் எலும்பில் மயிரிழைபோல் கீறல் விழுகிறது. ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். விழுந்து அடிபட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. 1855லேயே பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர், நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதை எழுதிவைத்தார். எக்ஸ்ரே வந்தது 1895ல். அதற்குப் பிறகுதான் அந்த வீக்கத்துக்குள் எலும்பு விரிசல் விட்டிருந்தது தெரிந்தது.

போன வருடம் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் பையன் ஒருவன் நொண்டிக்கொண்டே வந்தான். "ஷின் ஸ்பிளின்ட்ஸ்தானுங்க டீச்சர், பாம் தடவிட்டு ஓடினா சரியாப் போயிருதுங்க" என்றான். கல் பெஞ்சில் உட்காரவைத்து, முழங்காலுக்குக் கீழே உள்விளிம்பில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இறங்கினேன். பாதி தூரம்வரை ஒன்றும் இல்லை. கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே வந்ததும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். அதற்கு இரண்டு விரற்கடை மேலே வலி இல்லை, கீழேயும் இல்லை. ஒரு ரூபாய்க் காசளவு இடத்தில் மட்டும் உயிர் போகிற வலி.

அந்த வித்தியாசத்தை ஓடுகிற எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஷின் ஸ்பிளின்ட்ஸ் வலி எலும்பின் ஓரமாக நீளத்துக்குப் பரவியிருக்கும், உடம்பு சூடானதும் பெரும்பாலும் தணியும். கீறல் வலி ஓரிடத்தில் குத்தும். முதல் வாரம் ஐந்தாவது கிலோமீட்டரில் வந்தது, அடுத்த வாரம் இரண்டாவதிலேயே வரும். பிறகு படி இறங்கும்போது வரும், கடைசியில் ராத்திரி படுக்கையிலும் வரும். அந்தப் பையனுக்கு எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரே பெரும்பாலும் காட்டாது. எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவதும், எண்ணெய் போட்டு அழுத்தி உருவிவிடச் சொல்வதும் இந்த இடத்தில் கூடவே கூடாது. பொதுவாக ஆறு முதல் எட்டு வாரம் ஓட்டத்தை விட்டால் ஆறக்கூடிய கீறல், பிடிவாதத்தால் முழு முறிவாகிவிடும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உடம்பு இளைக்க வேண்டும் என்று ராத்திரி அரை வயிற்றோடு படுத்துவிட்டு, விடிகாலையில் பத்து கிலோமீட்டர் ஓடுகிறார்கள். செலவழிக்கும் அளவுக்குச் சாப்பாடு போகாவிட்டால் உடல் முதலில் மாதவிலக்கைத்தான் நிறுத்தும். "வராதது நிம்மதிதான் மிஸ்" என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்ன பிள்ளைகள் உண்டு. அது நிம்மதி இல்லை, கண்ணு. ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிட்டது என்று அர்த்தம், அரித்த எலும்பை நிரப்பும் வேலை தடுமாறுகிறது என்று அர்த்தம். முப்பது வயதுக்குள் சேர்க்கிற எலும்புதான் கிழவயது வரைக்கும் கைமுதல். மூன்று மாதம் தள்ளிப்போனால் அம்மாவிடமும் மருத்துவரிடமும் சொல்லியாக வேண்டும். பயிற்சியாளர்கள் இதைக் கேட்கக் கூச்சப்படக் கூடாது. சாப்பாட்டைக் குறைத்து ஓடும் ஆண்களின் எலும்பும் இதேபோல்தான் நலிகிறது.

உலகத்தின் முதல்தர வீராங்கனைகளையே இது விட்டுவைக்கவில்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் மாரத்தானில், ஏதென்ஸில் வெண்கலம் வாங்கிய அமெரிக்கரான டீனா காஸ்டருக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே பாத எலும்பு முறிந்தது. அவருக்கு வைட்டமின் டி குறைவாக இருந்தது பிறகு தெரியவந்தது. அதே பந்தயத்தில், அன்றைய உலக சாதனைக்குச் சொந்தக்காரரான பிரிட்டனின் பாலா ராட்கிளிஃப், தொடை எலும்புக் கீறலிலிருந்து முழுதாகத் தேறாமல் ஓடி 23வதாக வந்தார்.

வெயிலுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை, வைட்டமின் டி குறைவு மட்டும் வீட்டுக்கு வீடு இருக்கிறது. ஐந்து மணிக்கு ஓடி, வெயில் ஏறுவதற்குள் குளித்து, நாள் முழுக்க ஏ.சி. அறையில் உட்கார்ந்தால் எங்கிருந்து வரும்? காலை இளவெயிலில் அந்தச் சத்தைத் தரும் கதிர் மிகக் குறைவு. பத்து மணிக்கு மேல் சிறிது நேரம் கையும் காலும் வெயிலில் படவேண்டும். ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளலாம். சுண்ணாம்புச் சத்து பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 இருக்கிறது. பாலும் தயிரும், எள்ளுருண்டையும், முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியும் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

ஒரு வலியை மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். ஓடும்போது தொடை இடுக்கில் ஆழமாக வலித்து, ஒற்றைக் காலில் நின்றால் கூடினால், அது இடுப்போடு சேரும் தொடை எலும்பின் கழுத்தில் விழுந்த கீறலாக இருக்கலாம். அது விலகிவிட்டால் அறுவை சிகிச்சைதான். அந்த இடத்திலேயே ஓட்டத்தை நிறுத்துங்கள். வீடுவரை நடந்தே போய்விடலாம் என்றுகூட நினைக்காமல், ஆட்டோ பிடித்து நேராக எலும்பு மருத்துவரிடம் போங்கள்.