கணக்கு காட்டாதவருக்கு ஏரி இல்லை!

காஞ்சிபுரத்தில் பேருந்து ஏறித் தெற்கே போனால், சுமார் ஒரு மணி நேரத்தில் உத்திரமேரூர். கடைத்தெரு, டீக்கடை, உரக்கடை எல்லாம் எந்த ஊரிலும் பார்ப்பவைதான். இங்குள்ள சுந்தரவரதப் பெருமாள் கோயிலில் பெருமாள் மூன்று தளங்களில் நின்றும், அமர்ந்தும், கிடந்தும் காட்சி தருகிறார். அவரைச் சேவிக்கக் கூட்டம் வரும். வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு வருகிறவர்களோ சாமியைவிடச் சுவரைத்தான் அதிக நேரம் பார்க்கிறார்கள். ஊர்ச் சபை கூடிய மண்டபம் இது. சபை எடுத்த முடிவுகளைக் காகிதத்தில் எழுதி பீரோவில் பூட்டாமல், எல்லோர் கண்ணிலும் படும்படி கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

அவற்றில் புகழ்பெற்றவை இரண்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டியவை. மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. நடுநடுவே வடமொழிச் சொற்களும் கிரந்த எழுத்துகளும் கலந்து வரும். ஆனாலும் ட, ப போன்ற சில எழுத்துகள் இன்றைய கண்ணுக்கும் பிடிபடும். மன்னனின் பட்டத்தில் 'மதிரை கொண்ட' என்று இருக்கிறது. மதுரையைத்தான் அப்படி எழுதினார்கள். பிழை என்று திருத்தக் கிளம்ப வேண்டாம். அன்றைய கல்வெட்டு வழக்கு அது.

ஓலை, குடம், சிறுவன்

ஊரை 30 பகுதிகளாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர் 'குடும்பு'. தகுதி உள்ளவர்களின் பெயரைத் தனித்தனி ஓலை நறுக்கில் எழுதி, கட்டிக் குடத்தில் இடுவார்கள். குடத்தை எல்லோரும் காணும்படி தூக்கிக் காட்ட வேண்டும். விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கூப்பிட்டு ஓலையை எடுக்கச் சொல்வார்கள். அதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலையை ஒளித்து வைத்து மாற்றும் வித்தை அப்போதே தெரிந்திருக்கிறது!

இப்படிக் குடும்புக்கு ஒருவராக 30 பேர். அவர்களில் சம்வத்சர வாரியத்துக்கு, அதாவது ஆண்டு வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவிக்காலம் 360 நாள். வாரியம் என்ற சொல்லுக்கு இன்றும் குறைவில்லை. மின்சார வாரியம், வீட்டு வசதி வாரியம், குடிநீர் வடிகால் வாரியம் என்று தினமும் சொல்கிறோம். ஏரி வாரியத்தைத்தான் காணோம்.

919-ல் வாரிய உறுப்பினருக்கு வயது 30 முதல் 60 வரை என்றிருந்தது. 921-ல் அது 35 முதல் 70 ஆகிவிட்டது. அறுபதைத் தாண்டிய யாரோ சபையில் சத்தம் போட்டார் என்று கல்வெட்டு சொல்லவில்லை. படிக்கிறவர்களுக்கு அப்படித் தோன்றினால் யாரும் தடுக்க முடியாது.

மச்சானுக்கும் இடமில்லை

தகுதிகளைவிடத் தகுதியின்மைப் பட்டியல்தான் நீளம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவரோடு போகவில்லை, அவருடைய மகன், தகப்பன், மாமன், மாமனார், மருமகன், மைத்துனன் என்று உறவு முறையை வரிசையாக எழுதி, அவர்கள் பெயரும் குடத்தில் விழக் கூடாது என்று அடைத்துவிட்டார்கள். கடந்த 3 ஆண்டுக்குள் வாரியத்தில் இருந்தவருக்கும் இடமில்லை. பொய் ஆவணம் எழுதியவர், தண்டனையாகக் கழுதை மேல் ஏற்றப்பட்டவர் ஆகியோருக்கும் கதவு சாத்தியது.

இதை வைத்து எல்லோருக்குமான குடியாட்சி அன்றே இருந்தது என்று மேடையில் முழங்குவதும் உண்டு. கல்வெட்டு அவ்வளவு தாராளமாக இல்லை. உத்தரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர். வாரியத்துக்கு வரக் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் படித்திருக்க வேண்டும். தஞ்சைக் கணக்கில் ஒரு வேலி சுமார் 6.6 ஏக்கர் என்றால், கால் வேலி ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல். ஏர் பிடித்தவர், நாற்று நட்ட பெண், மடை திறந்தவர் பெயர் எதுவும் குடத்துக்குள் போகவில்லை. அதையும் சேர்த்துத்தான் இந்தச் சுவரைப் படிக்க வேண்டும்.

ஏரி இருக்கிறது

ஊரை ஒட்டிய பெரிய ஏரிக்குக் கல்வெட்டுப் பெயர் 'வயிரமேக தடாகம்'. பல்லவர் காலத்தது. அந்த 6 பேர் பார்த்துக்கொண்ட ஏரி. ஏரியைப் பராமரிக்கச் சோழர் காலத்தில் 'ஏரி ஆயம்' என்று தனி வரி உண்டு. 'ஏரிப்பட்டி' என்று தனியாக நிலம் விடுவதும் உண்டு. ஆயிரம் ஆண்டுக்கு மேலாகியும் கரை நிற்கிறது, மழைக்கு நீர் நிற்கிறது, கீழே நெல் விளைகிறது.

ஏரிப் பராமரிப்புக்குப் பின்னால் வந்த பெயர் 'குடிமராமத்து'. குடி நம் சொல். மராமத்து அரபியிலிருந்து வந்தது. ஊரார் மனமுவந்து செய்த வேலைக்கு ஆங்கிலேய ஆட்சி 1858-ல் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டது. சட்டம் போட வேண்டி வந்ததே, பழைய ஏற்பாடு தளர்ந்துவிட்டது என்பதற்குச் சாட்சி. ஏரி சர்க்காருடையது என்றானதும், கரையில் அரிப்பைப் பார்த்தவர் மண்வெட்டியை எடுப்பதற்குப் பதில் மனு எழுதத் தொடங்கினார்.

இன்று 100 ஏக்கருக்குக் குறைவாக ஆயக்கட்டு உள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. பெரியவை நீர்வளத் துறையின் பொறுப்பு. விவசாயிகளே பாசனத்தை நிர்வகிக்க 2000-ல் சட்டம் வந்தது. நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களும் உள்ளன. வண்டல் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது. மணற்பாங்கான நிலத்தில் வண்டல் அடித்தால் ஈரம் நிற்கும். அடிக்கும் முன் உப்புத்தன்மையைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. கரையை ஒட்டித் தோண்டக் கூடாது, கரை பலவீனமாகும். மதகு மட்டத்துக்குக் கீழே வெட்டிய பள்ளத்தில் நிற்கும் நீர் வயலுக்குப் பாயாது. எத்தனை லோடு போனது, எங்கே போனது என்று ஊருக்குத் தெரியாவிட்டால், தூர் வாரியதாகப் பலகை மட்டும் நிற்கும்.

உத்திரமேரூர் சுவர் இன்றைய விவசாயிக்குச் சொல்வது ஒன்றுதான். அந்தச் சபை யாரை விலக்கியது என்பது நமக்கு வேண்டாத பாடம். கணக்கை எப்படிக் கேட்டது என்பது வேண்டிய பாடம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு 6 நாள் கிராம சபை கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். ஏரி வறண்டு, கரையும் மதகும் வெளியே தெரியத் தொடங்கும் நேரம். நம் ஊர் ஏரிக்கு எவ்வளவு பணம் வந்தது, என்ன வேலை நடந்தது என்று அன்றைக்கு எழுந்து கேட்க நிலமும் வேண்டாம், வேதமும் வேண்டாம். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும்.