கெம்பாராவின் சந்ததி

மோட்டார் வண்டிகளின் குணதோஷங்களை எடுத்துரைக்க வல்லார் இந்நாட்டில் மலிந்துள்ளனர். காப்பிக் கடையில் ஒரு கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் பத்து வண்டிகளுக்குத் தீர்ப்புக் கூறி முடித்துவிடுவர். ஒன்று எண்ணெய் குடிக்கும் என்பர். மற்றொன்று மேடு ஏறாது என்பர். பிறிதொன்றை விற்கப் போனால் விலை போகாது என்பர். இவற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் அவ்வண்டியில் ஏறப் போகிறவர் யார், அது செல்ல வேண்டிய பாதை எத்தன்மையது என்று கேட்பாரைக் காண்பது அரிது. இவ்விரண்டையும் கேளாமல் வண்டியின் தரத்தை நிறுப்பது, காலை அளவெடுக்காமல் செருப்பு வாங்குவதை ஒக்கும்.

சென்ற ஆண்டு நம் மைத்துனர், அதாவது தங்கையின் கணவர், எஸ்.யு.வி. என்று மூன்று ஆங்கில எழுத்துகளால் வழங்கும் உயர்ந்த வண்டி ஒன்று வாங்கக் கருதி நம் யோசனையை நாடினார். சுங்கை சிப்புட்டிலுள்ள அவர் வீட்டில் கணவன் மனைவி, பிள்ளைகள் மூவர், அவருடைய தாயார், நம் அன்னையார் ஆக ஏழு பேர். அவரிடமிருந்த காரோ ஐவருக்கு உரியது. பெரோடுவா நிறுவனத்தார் வெளியிட்ட இவ்வகை வண்டிகளில் நான்கை நாம் ஓட்டியறிந்தவர் ஆதலின், நம் சொல்லுக்கு மதிப்பிருக்கும் என அவர் எண்ணினார் போலும். நாம் அவருக்குச் சொன்னவற்றையும் அவர் நமக்குத் திருப்பிச் சொன்னதையும் இங்கே எழுதுகிறோம். அவரைப் போன்ற நிலையிலுள்ள குடும்பங்கள் தோட்டத்திலும் பட்டணத்திலும் பல உண்டு.

வமிசத்தின் மூதாதை கெம்பாரா. 1993இல் தோன்றிய பெரோடுவா, 1994இல் காஞ்சில் என்னும் சிறு காரை வெளியிட்டு, 1998இல் கெம்பாராவைக் கொணர்ந்தது. கெம்பாரா என்னும் மலாய்ச் சொல்லுக்கு ஊர் ஊராய்த் திரிதல் என்பது பொருள். ஜப்பானியரின் டைஹாட்சு டெரியோஸ் வண்டியே இங்குப் பெயர் மாறி வந்தது. 1.3 லிட்டர் யந்திரம்; ஐவர்க்கு இருக்கை; அகலம் 1,555 மில்லிமீட்டரே. பின்னிருக்கையில் பெரியவர் மூவர் அமர்ந்தால் தோளோடு தோள் உரசும். உயரமோ மிகுதி. குறுகிய உடலும் மிகுந்த உயரமும் சேர்ந்த வண்டி வளைவுகளில் சாயவே செய்யும். கேமரன் மலைப் பாதையில் வேகம் தணிப்பவருக்கே அது உரியது.

அதன் பெருமை சக்கரங்களில் இருந்தது. யந்திரத்தின் விசை நான்கு சக்கரங்களுக்கும் எக்காலத்தும் பகிர்ந்தளிக்கப்பட்டது. வண்டி திரும்பும்போது முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் ஒரே தூரம் உருள்வதில்லை. அவ்வேறுபாட்டைத் தாங்குவதற்கு நடுவில் ஒரு பற்சக்கர அமைப்பு உண்டு. அவ்வமைப்பினால் ஒரு கேடும் உண்டு. யாதேனும் ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கிச் சுழலத் தொடங்கினால் விசையெல்லாம் அதன் வழியே வீணாய்ப் போகும். இதற்கென்றே முகப்பில் ஒரு பொத்தான் வைத்திருந்தனர். அதை அழுத்தினால் நடு அமைப்புப் பூட்டிக்கொண்டு முன்னும் பின்னும் ஒன்றாய்ச் சுழலும். ஒரு புறம் வழுக்கினும் மறுபுறம் இழுக்கும். நான்கு சக்கரங்களையும் ஓயாது இயக்குவதால் எண்ணெய்ச் செலவு கூடுதல் என்பதையும் மறைக்கலாகாது.

இப்பொத்தானின் அருமையை நாம் விளம்பரத்தால் அறிந்தோமில்லை. 2004ஆம் ஆண்டின் கடைசி மழைக் காலத்தில் நம் பெற்றோர் தோட்டத்து வீட்டில் இருந்தனர். ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டம் அது. பெரிய சாலையிலிருந்து உள்ளே நான்கு கிலோமீட்டர் செம்மண் பாதை. ஓர் இரவு தந்தையாருக்கு மார்பு வலி கண்டது. பட்டணத்திலிருந்து வந்த டாக்சி, மதகருகே பாதை நீரில் மூழ்கியிருப்பதைக் கண்டு திரும்பிவிட்டது. டாக்சிக்காரரைக் குறை கூறோம். வண்டிதானே அவர் பிழைப்பு! முடிவில் பழக்குலை ஏற்றும் லோரியில் சாக்குகளை விரித்து அவரைக் கிடத்தி, மழை படாமல் தார்ப்பாய் பிடித்து, அண்டை வீட்டார் இருவர் இரு புறமும் அமர்ந்து கொண்டு சேர்த்தனர். நாற்பது ஆண்டு அத்தோட்டத்தில் உழைத்தவர், அத்தோட்டத்து விளைபொருள் போகும் லோரியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனார். உயிர் பிழைத்தார். மறு ஆண்டே நாம் பழைய கெம்பாரா ஒன்றை வாங்கினோம்.

வண்டி நன்று என்று தந்தையார் நம்மிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் தோட்டத்துக் கடையருகே அதை நிறுத்தும்போதெல்லாம், கேட்டவருக்கும் கேளாதவருக்கும், "ரோடு இல்லாத இடத்துக்கும் வரும்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். 2008இல் அவர் காலமாகி அத்தோட்டத்து இடுகாட்டிலேயே அடக்கமானார். இடுகாட்டுக்குப் போகும் பாதை இன்றும் செம்மண் பாதையே.

அவ்வாண்டு மே மாதத்தில் கெம்பாராவின் வாரிசு வெளிவந்தது. நவுத்திக்கா என்று பெயர். டெரியோஸின் அடுத்த தலைமுறையான அதற்கு யந்திரம் 1.5 லிட்டர், உடல் அகன்றிருந்தது, நான்கு சக்கர இயக்கம் குறையாமல் வந்திருந்தது. நம்முடன் பணியாற்றிய ஆசிரியர் ஒருவர் அதை வாங்க, அவரோடு ஈப்போ வரை சென்று மீண்டோம். நான்கனுள்ளும் நன்கு அமைந்தது இதுவே என்பது இன்றும் நம் கருத்து. ஆயின் விலை 90,000 வெள்ளியை நெருங்கியது. இருக்கையோ பழையபடி ஐந்தே. போதாததற்கு, அது வெளிவந்த மறு மாதம், 2008 ஜூனில், பெட்ரோல் லிட்டருக்கு 1.92 வெள்ளியிலிருந்து 2.70 வெள்ளிக்கு ஒரே தாவாய்த் தாவிற்று. மாதச் சம்பளக்காரர் எவர் துணிவார்? சில ஆண்டுகளுக்குள் விற்பனையிலிருந்தே அது மறைந்தது. நல்ல பிள்ளை அற்பாயுளில் போயிற்று.

பின்னர் நெடுங்காலம் இவ்வமிசத்தில் பிறப்பில்லை. 2019 ஜனவரியில் அரூஸ் வந்தது. விலை 72,900 வெள்ளியும் 77,900 வெள்ளியுமாக இரு வகை. டொயோட்டா ரஷ் வண்டியின் உடன்பிறப்பு, 1.5 லிட்டர் யந்திரம், இருக்கை ஏழு. தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் இடையே 220 மில்லிமீட்டர் இடைவெளி. காற்றுப்பைகள் ஆறு. வண்டி வழுக்கி விலகும்போது தானே பிரேக் பிடித்து நேர்செய்யும் கருவியும் உண்டு. ஆசியான் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. 1998இல் குடும்பத் தலைவர் ஒருவர் கனவிலும் கேட்டிராத காவல்கள் இவை.

இவ்வளவும் இருந்தும், விசை செல்வது பின் சக்கரங்கள் இரண்டுக்கே. இதை நம் மைத்துனர் முதலில் நம்பவில்லை. இத்துணை உயர்ந்து நிற்கும் வண்டி நான்கு சக்கரத்தாலும் இயங்குவதென்றே அவர் கொண்டிருந்தார். பலரும் அவ்வாறே கொண்டிருக்கின்றனர். தோற்றம் காட்டுக்குரியது, கால்கள் தார்ச்சாலைக்குரியவை. பின் சக்கர இயக்கத்தை இழிவென்று கருத வேண்டுவதில்லை. எழுவர் ஏறி மேட்டில் செல்கையில் பாரம் பின்னோக்கிச் சாய்வதால் அச்சக்கரங்களின் பிடிப்பு வலுக்கும். ஈரக் களிமண்ணில் அவ்வலிமை போதாது என்பதே நாம் சொல்வது.

இன்னொரு சிறு மாறுதலையும் குறிப்பிட வேண்டும். கெம்பாராவிலும் நவுத்திக்காவிலும் மாற்றுச் சக்கரம் பின் கதவின் முதுகில் தொங்கும். கதவு பக்கவாட்டில் திறக்கும். பின்னால் வண்டி ஒன்று ஒட்டி நின்றால் அரிசி மூட்டையை வெளியே எடுக்க இயலாது. அரூஸில் கதவு மேல்நோக்கித் திறந்து மழைக்குக் கூரையாகிறது. மாற்றுச் சக்கரம் வண்டியின் அடியில் ஒளிந்துகொண்டது. கண்ணுக்கு மறைந்தது கருத்துக்கும் மறைந்தது. புது வண்டி வந்த அன்று நான்கு சக்கரங்களுக்கு நான்கு எலுமிச்சம்பழம் வைக்கும் நம்மவர், ஐந்தாவது சக்கரத்தில் காற்று உள்ளதா என்று குனிந்து பார்ப்பதில்லை.

அட்டிவா 2021 மார்ச்சில் வந்தது. இது நேர் வாரிசு அன்று. தம்பி வழிப் பிள்ளை எனலாம். 998 சி.சி. கொண்ட மூன்று சிலிண்டர் டர்போ யந்திரம், முன் சக்கர இயக்கம், ஐந்து இருக்கை, வெளிவந்தபோது விலை 61,500 வெள்ளி முதல் 72,000 வெள்ளி வரை. ஆயிரம் சி.சி.க்கு உட்பட்டதால் ஆண்டுச் சாலை வரி 20 வெள்ளியே. முன்னே இடையூறு தோன்றின் தானே பிரேக் பிடிக்கும் கருவி இதற்குண்டு. நம் மகள் வைத்திருப்பது இதுவே. கோலாலம்பூர் நெரிசலில் அவள் அதை ஓட்டும் லாகவத்தைக் கண்டு நாம் வியந்ததுண்டு. பட்டணவாசிக்கு இதனினும் பொருத்தமானது வேண்டுவதில்லை.

ஆகவே மைத்துனருக்கு அட்டிவாவையே கூறினோம். காரணமும் காட்டினோம். அவர் வீட்டார் எழுவரும் ஒருங்கே புறப்பட்ட நாள்கள் ஓராண்டில் எத்தனை என்று தங்கையைக் கொண்டே கணக்கெடுத்தோம், பதினொன்று வந்தது. பதினொரு நாளைக்காக முந்நூற்றைம்பது நாளும் காலி இருக்கையைச் சுமந்து திரிவானேன்? அந்நாள்களில் நம் கெம்பாரா துணைக்கு வரும் என்றோம்.

அவர் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "மச்சான், அந்தப் பதினொரு நாளும் என்னென்ன நாள் என்று பார்த்தீர்களா?" என்றார். தீபாவளி, பொங்கல், உறவில் ஒரு திருமணம், இரண்டு துக்கம், பெரிய பிள்ளை பள்ளியில் பரிசு வாங்கிய மாலை. "நீங்கள் எண்ணியது போன நாள்களை. போகாத நாள்களை எண்ணவில்லை. காரில் இடமில்லை என்றால் வீட்டில் நிற்பது யார்? உங்கள் அம்மாவும் என் அம்மாவும். 'நாங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் போய் வாருங்கள்' என்பார்கள். ஒரு முறையாவது அவர்களுக்கு வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆசை என்றா நினைக்கிறீர்கள்?"

இதற்கு நாம் மறுமொழி கூறவில்லை. கதவோரம் நின்று கையசைக்கும் அவ்விரு மூதாட்டியரையும் நாமும் பல முறை கண்டிருக்கிறோம்.

எனவே அரூஸ் என்று முடிவாயிற்று. அடுத்துப் பணம். இந்நாட்டில் கார்க் கடனை ஒன்பது ஆண்டு வரை நீட்டலாம். மாதத் தவணை சிறுத்துக் காண்பதால் நம் மக்கள் அதில் மயங்குகின்றனர். 70,000 வெள்ளி வண்டிக்கு 7,000 முன்பணம் போக 63,000 கடன் என்று கொள்வோம். முழுக் கடனுக்கும் ஆண்டுதோறும் நூற்றுக்கு 3 என்னும் நிலை வட்டியில், ஒன்பது ஆண்டில் வட்டி மட்டும் 17,010 வெள்ளி. மாதம் ஏறக்குறைய 741. ஐந்தாண்டாயின் வட்டி 9,450. மாதம் 1,207 வெள்ளி 50 காசு. மாதம் 1,207 தர இயலாதவர் அந்த விலையுள்ள வண்டியை நாடுவதைக் காட்டிலும், நான்கைந்து ஆண்டு ஓடிய வண்டியை நாடுவது மேல். மைத்துனர் இதை ஒப்பினார். பெட்ரோல் நிலையத்து இரவு மேற்பார்வையாளர் அவர். வட்டியின் கனம் அறிந்தவர்.

பழைய வண்டி பார்க்கப் போகும்போது ஒன்று கவனிக்க வேண்டும். 2021 டிசம்பரில் ஷா ஆலம் முதலிய இடங்களைச் சூழ்ந்த வெள்ளத்தில் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. மேலே கழுவித் துடைத்தால் ஒன்றும் தெரியாது. இருக்கைப் பட்டையை அடிவரை இழுத்துப் பார்க்க வேண்டும். சேற்று நீரின் கறை அங்கே தங்கியிருக்கும். தரை விரிப்பைத் தூக்கி, இருக்கையின் கீழுள்ள திருகுகளில் துரு ஏறியுள்ளதா என நோக்க வேண்டும். இவ்வாறு இரண்டு வண்டிகளை வேண்டாமென்று விட்டு, மூன்றாவதை எடுத்தார்.

மூன்றாம் வரிசையில் பிள்ளைகள் இருவர். அங்கே முதியோரை அனுப்புவது தண்டனை. நடு இருக்கையை மடக்கி, குனிந்து, ஒரு காலை உள்ளே நுழைத்து ஏற வேண்டும். நடு வரிசையே தாய்மார் இருவருக்கும், அவர்களுக்கிடையே கடைக்குட்டிக்கும். அதிலும் நம் அன்னையாருக்கு வயது எண்பத்தொன்று, முழங்கால் மடங்காது. முதல் நாள் கதவைத் திறந்ததும் வண்டியை மேலும் கீழும் பார்த்து, "ஏறச் சொன்னால் ஏறிவிடுவேன் ஐயா, இறங்க வேண்டுமே" என்றார். தந்தையாருக்காகக் கெம்பாராவில் வைத்திருந்த மணைக்கட்டை ஒன்று உண்டு. ஒரு சாண் உயரம், பலா மரம், தந்தையாரே செதுக்கியது. அதை எடுத்து அரூஸின் பின்பகுதியில் போட்டோம்.

கெம்பாராவை விற்றுவிடலாமே என்று மகள் கேட்கிறாள். சென்ற மாதம் அதற்கு நான்கு டயர்களும் புதிதாய் மாற்றினோம். தந்தையாரின் நினைவு நாள் மாசியில் வருகிறது. தரை காய்ந்திருந்தால் எழுவரும் அரூஸிலேயே இடுகாடு வரை போவர். முதல் நாள் மழை பெய்திருந்தால் அரூஸ் தார்ச்சாலை முடியுமிடத்தில் நிற்கும். அங்கிருந்து அன்னையாரையும் மணைக்கட்டையையும் நாம் ஏற்றிச் செல்வோம்.