ஏ.சி. போட்டா இறங்குது

போன சித்திரையில் ஒரு திங்கட்கிழமை, காலை பதினோரு மணி, சைதாப்பேட்டை சிக்னல். அப்பாவைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். டாஷ்போர்டில் எப்போதும் பாதியில் சமர்த்தாக நிற்கும் டெம்பரேச்சர் ஊசி, முக்காலைத் தாண்டி சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. பானெட் இடுக்கிலிருந்து இட்லிப் பானை போல ஆவி. பக்கத்து ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "சார், பொங்கிடுச்சு!" என்றார், ஏதோ நல்ல செய்தி சொல்வது மாதிரி.

"ஹீட்டரைப் போடு" என்றார் அப்பா.

சென்னையில், சித்திரை மாதத்தில், காருக்குள் ஹீட்டர். வயசாகிவிட்டது, குழம்புகிறார் என்று நினைத்தேன். மறுபடி அதட்டினார், போட்டேன். முகத்தில் அடுப்புக்காற்று அடித்தது. ஆனால் ஊசி ஒரு நூல் இறங்கியது. ஹீட்டர் என்பது எஞ்சினின் சுடுதண்ணீர் ஓடும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான் என்று பிறகு விளக்கினார். அவசரத்துக்கு எஞ்சினின் சூட்டைக் கொஞ்சம் நம் தலையில் வாங்கிக்கொள்ளலாம். அந்தக் கொஞ்சத்தில் ஓரங்கட்டி நிறுத்திவிட்டேன்.

உடனே இரண்டு நல்லவர்கள் தண்ணீர் பாட்டிலோடு வந்தார்கள். நம் ஊரில் கார் நின்றால் தண்ணீர் பாட்டிலோடு நல்லவர்கள் வருவார்கள். ஒருவர் ரேடியேட்டர் மூடியில் கையே வைத்துவிட்டார். "தொடாதீங்க தம்பி!" என்று அப்பா போட்ட சத்தத்தில் சிக்னலே திரும்பிப் பார்த்தது. சரிதான். அந்த மூடி வெறும் மூடியில்லை. குக்கர் வெயிட் மாதிரி அழுத்தத்தைப் பிடித்து வைக்கிற வால்வு. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 115ஐத் தாண்டியும் திரவமாகவே இருக்கும். மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் போய், கொதிநீரும் ஆவியுமாக முகத்தில் அடிக்கும். முக்கால் மணி நேரம் பிளாட்ஃபாரத்தில் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் அப்பாயின்ட்மென்ட் போயே போச்சு.

அப்பாவுக்கு 82. பெரம்பூர் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். நீராவி எஞ்சின் காலத்தில் சேர்ந்து, டீசல் காலத்தில் ரிட்டயர் ஆனவர். வந்த பணத்தில் 2004ல் வாங்கினது இந்தக் கார். கிளாக்கோமா வந்து பார்வை சுருங்கின பிறகு, ஒருநாள் யாரும் சொல்லாமலே சாவியை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். அதன்பின் பக்கத்து சீட்தான்.

ஒர்க்‌ஷாப்பில் பானெட்டைத் தூக்கிப் பார்த்து இரண்டே நிமிஷத்தில் தீர்ப்பு வந்தது. "ஹெட் கேஸ்கெட் அவுட் சார். எஞ்சின் இறக்கணும். 28,000 ஆகும். இந்த வண்டிக்கு இவ்ளோ செலவு பண்ணணுமான்னு யோசிச்சுக்குங்க." யோசித்தேன். தெரிந்த புரோக்கர் ஒருவருக்குப் போன் செய்தேன். 40,000 தருவதாகச் சொன்னார். அப்பாவிடம், "ஒர்க்‌ஷாப்ல பாத்துட்டு சொல்றேன்னாங்க" என்று மட்டும் சொல்லிவைத்தேன். பொய்யில்லை, முழு உண்மையுமில்லை. குடும்பத்தில் நாம் பேசுவதில் பாதி இந்த ரகம்.

வண்டியை அங்கிருந்து வீட்டுக்கு ஓட்டி வந்தவள் என் மனைவி. நங்கநல்லூர் வருவதற்குள் இரண்டு தடவை ஊசி ஏறியிருக்கிறது. வந்ததும் ஒரு வினோதமான சேதி சொன்னாள்.

"ஏ.சி. போட்டா இறங்குதுங்க."

"என்னது?"

"ஊசி. ஏ.சி.யை நிறுத்தினா ஏறுது, போட்டா இறங்குது."

சிரித்தேன். கார் சூடானால் ஏ.சி.யை நிறுத்து என்பது ஓட்டுநர் பள்ளி முதல் மாமனார் வரை எல்லோரும் சொல்கிற வேதவாக்கு. ஒர்க்‌ஷாப்காரருக்குப் போன் போட்டேன், அவரும் சிரித்தார். "ஏ.சி. போட்டா எஞ்சினுக்கு லோடு ஜாஸ்தி சார். ஏறும், இறங்காது. மேடம் சரியா கவனிச்சிருக்க மாட்டாங்க." இரண்டு ஆண்கள் சேர்ந்து ஒரு பெண் கண்ணால் பார்த்ததைத் தள்ளுபடி செய்துவிட்டுப் போனை வைத்தோம்.

தள்ளுபடி செய்யாதவர் அப்பா. ராத்திரி சாப்பிடும்போது மெள்ள ஆரம்பித்தார். "ஏம்மா, ஏ.சி. போட்டு எவ்ளோ நேரத்துல இறங்குது?"

"ரெண்டு நிமிஷம் இருக்கும் மாமா."

"வண்டி நிக்கும்போதா, ஓடும்போதா?"

"நிக்கும்போது மாமா. ஓடும்போது ஏ.சி. இல்லாமலே சரியா இருக்கு."

அப்பா மோரை ஊற்றிக் கலந்து, நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார். "ஞாயித்துக்கிழமை காலையில வண்டியைத் தொடாம வை. எஞ்சின் பச்சைத் தண்ணியா இருக்கணும்."

எஞ்சினுக்குள் நடப்பதை நினைத்தால் ஆச்சரியம்தான். பெட்ரோல் எரிகிற கணத்தில் உள்ளே சூடு 2,000 டிகிரிக்கும் மேல். சிலிண்டர் ஹெட் அலுமினியம், அது 660 டிகிரியில் உருகும். நடுவில் காப்பாற்றுவது ஓடிக்கொண்டே இருக்கிற தண்ணீர்தான். நாம் போடும் பெட்ரோலில் சுமார் மூன்றில் ஒரு பங்குச் சூடு இந்தத் தண்ணீர் வழியாகத்தான் வெளியேறுகிறது. அதைக் காற்றுக்குக் கொடுக்கத்தான் ரேடியேட்டர். 1901ல் வில்ஹெல்ம் மேபாக் என்ற ஜெர்மன்காரர், மெர்சிடிஸ் காருக்காக எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சின்னக் குழாய்களைத் தேன்கூடு மாதிரி அடுக்கி ஒன்று செய்தார். இன்றைக்கு நம் காரின் முகத்துக்குப் பின்னால் இருப்பது அதன் வாரிசு. காற்று மட்டும் நாம் ஓடினால்தான் வரும். நின்றால் ஃபேன் இழுத்துத் தரவேண்டும்.

ஞாயிறு காலை ஆறரை மணி. மூன்று பேர். மனைவி ஸ்டியரிங்கில், அப்பா பானெட்டுக்கு முன்னால் பிளாஸ்டிக் ஸ்டூலில், நான் கைகால் வேலைக்கு.

"மூடியைத் திற. தண்ணி எங்க நிக்குது?" நாலு விரல் கீழே. "கலர்?" டிக்காஷன். "நாலு வருஷமா போர் தண்ணிதானே ஊத்தற?" பதில் சொல்லவில்லை. கூலன்ட் என்பது பனிப் பிரதேசத்து சமாசாரம் என்று நினைத்திருந்தேன். அதிலுள்ள கிளைக்கால் தண்ணீரின் கொதிநிலையைக் கொஞ்சம் ஏற்றுகிறது. அதைவிட முக்கியம், அதில் கலந்திருக்கும் துருத்தடுப்பான். நம் ஊர் போர்வெல் தண்ணீர், குக்கரின் அடியில் படிகிற மாதிரியே ரேடியேட்டர் குழாயிலும் உப்பாகப் படியும்.

தண்ணீரை நிரப்பினேன். அடுத்து ஆயில் குச்சி. உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்து அப்பாவிடம் நீட்டினேன். விரலில் தேய்த்து மோந்து பார்த்தார். "பால் காப்பி மாதிரி இருக்கா, நீ பாத்து சொல்லு." இல்லை, சுத்தக் கறுப்பு. கேஸ்கெட் போனால் தண்ணீர் ஆயிலில் கலந்து பழுப்பு நுரையாகிவிடலாம். மூடியைத் திறந்து வைத்தபடியே ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். கேஸ்கெட் கிழிந்திருந்தால் எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுந்து, நிற்காமல் குமிழி குமிழியாக வரும். டார்ச் அடித்துப் பத்து நிமிஷம் பார்த்தேன். ஆரம்பத்தில் இரண்டு மூன்று காற்றுக் குமிழி, அப்புறம் குளம் மாதிரி அமைதி. புகைக்குழாயிலும் வெள்ளைப் புகை இல்லை.

"28,000 மிச்சம்" என்றார். அவரிடம் நான் அந்தத் தொகையைச் சொன்னதாக நினைவில்லை.

மூடியைப் போட்டாயிற்று. இப்போது ஹோஸ் பைப். மேல் பைப்பை விட்டு விட்டுத் தொட்டுக்கொண்டிருந்தார். ஏழெட்டு நிமிஷத்தில், "சுட ஆரம்பிச்சிடுச்சு, தெர்மோஸ்டாட் திறந்துடுத்து." கொஞ்ச நேரத்தில் கீழ்ப் பைப்பும் வெதுவெதுப்பு. அப்படியானால் தண்ணீர் சுற்றுகிறது, பம்ப்பும் பிழைத்தது. மேலே சுட்டுக் கீழே ஜில்லென்று இருந்தால்தான் தெர்மோஸ்டாட்மேல் சந்தேகம். பல மெக்கானிக்குகள், "இந்த வெயிலுக்கு இது எதுக்கு சார்" என்று அதைக் கழற்றியே எறிந்துவிடுவார்கள். அப்புறம் எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் குடிக்கும். அதைச் சொல்லும்போது அப்பா முகத்தில் நிஜமான கோபம்.

"பாதி மாமா... பாதிக்கு மேல ஒரு கோடு... இன்னொரு கோடு..." மனைவி கிரிக்கெட் கமென்ட்ரி மாதிரி சொல்லிக்கொண்டே வந்தாள். அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஃபேன் சத்தம் வரல பாரு. இப்ப ஏ.சி.யைப் போடும்மா."

விர்ரென்று ஒரு ஃபேன் சுற்றியது. ஊசி கீழே இறங்கியது.

இந்த வண்டியில் ஃபேன் இரண்டு. ஒன்று ரேடியேட்டருக்கு, இன்னொன்று ஏ.சி. கண்டென்சருக்கு. இரண்டும் அடுத்தடுத்து இருப்பதால் எந்த ஃபேன் இழுத்தாலும் ரேடியேட்டர் வழியாகவும் காற்று வரும். ரேடியேட்டர் ஃபேன் படுத்துவிட்டது. ஏ.சி. போட்டால் இரவல் காற்று. அதுதான் மேடம் 'சரியா கவனிக்காத' விஷயம்.

"படுத்தது ஃபேனா, அதை எழுப்பறவனா?" என்றார் அப்பா. எஞ்சினை நிறுத்திவிட்டு, சாவியை மட்டும் ஆனில் வைத்து, தெர்மோ ஸ்விட்ச்சின் கனெக்டரைக் கழற்றி இரண்டு முனையையும் ஒரு துண்டு ஒயரால் இணைக்கச் சொன்னார். கையை ஃபேனிலிருந்து தூர வைத்துக்கொண்டு இணைத்தேன். முதல் ஃபேன் எகிறிச் சுற்றியது. மோட்டார் பழுதில்லை, ஸ்விட்ச்தான்.

மறுநாள் ஜி.பி. ரோட்டில் புது ஸ்விட்ச் 450 ரூபாய். அதோடு கூலன்ட் ஒரு கேன். அப்பா அப்படியே மாட்ட விடவில்லை. ஒரு பழைய அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவைத்து, பழசையும் புதுசையும் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, ஒவ்வொன்றிலும் பேட்டரியோடு ஒரு சின்ன பல்பைச் சேர்த்தோம். கொதி வருகிற சமயம் புதுசின் பல்பு எரிந்தது. பழசு தளதளவென்று கொதித்தும் இருட்டு. பாத்திரத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டாள் மனைவி. கூலன்ட் விஷம். ருசி தித்திப்பு என்பதால் நாய், பூனை நக்கிவிடும். தரையில் சிந்தினதையும் மண்ணைப் போட்டு அள்ளினேன்.

மாட்டி முடித்து, கூலன்ட் ஊற்றி, வாசலிலேயே இருபது நிமிஷம் ஓடவிட்டோம். ஊசி பாதியைத் தாண்டி ஒரு கோடு போனது. 'டக்', பிறகு விர்ர். அப்பா கண்ணை மூடி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கைகழுவிவிட்டு வந்தவர் துண்டால் துடைத்தபடியே சொன்னார். "வெள்ளிக்கிழமை நீ குளிச்சிட்டிருந்தப்ப உன் போன் அடிச்சுது, எடுத்தேன். யாரோ புரோக்கராம். கேஸ்கெட்டுக்கு 28,000 ஆகும்ங்கறப்ப நாப்பதுக்கு மேல ஒரு ரூபா தர முடியாதுன்னான்."

"நீங்க என்னப்பா சொன்னீங்க?"

"இன்னும் தண்ணி பாக்கல, பாத்துட்டு சொல்றோம்னேன்."